ஏற்காட்டில் ஸ்டீல் ஃபிரேம் வீடு: ஸ்டட்டுகளை எதை வைத்துப் பிணைப்பது?

சேலத்தில் இருக்கிற வீட்டின் மொட்டை மாடியில் அதிகப் பாரம் ஏற்றாமல் ஒரு மாடி எழுப்ப நினைப்பவர்களும், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் சின்னதாக ஒரு வீடு போட நினைப்பவர்களும் இப்போது மெல்லிய தகட்டை மடக்கிச் செய்த சட்டங்களால் கட்டும் லைட் கேஜ் ஸ்டீல் ஃபிரேம் பக்கம் வருகிறார்கள். செங்கல்லும் மணலும் ஜல்லியும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டிய ஊரில் அது நியாயமான யோசனைதான், எனக்கும் அந்த முறை பிடிக்கும். ஆனால் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டட்டின் (சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் சட்டம்) தடிமன் என்ன, போர்டு எந்த பிராண்டு, கூரை ஷீட் என்ன நிறம் என்றெல்லாம் பேரம் பேசுகிறவர்கள், ஒரு ஸ்டட்டையும் அடுத்த ஸ்டட்டையும் எதை வைத்துப் பிணைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. கொட்டேஷனிலும் அது பெரும்பாலும் "பிரேசிங் உட்பட" என்று முடிந்துவிடும். சுவர் நேராக நிற்பதும் நெளிவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கணக்குப் பேச ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் சரிவில் தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. சுவர் உயரம் 9 அடி. ஸ்டட் சி வடிவம், அதன் முதுகான வெப்பின் ஆழம் 89 மி.மீ., பக்கவாட்டு மடிப்பான ஃபிளாஞ்ச் 41 மி.மீ., தகடு 0.95 மி.மீ., இரண்டு அடிக்கு ஒன்று. கீழேயும் மேலேயும் ஸ்டட் முனைகளைப் பிடிக்கிற படுக்கைச் சட்டமான டிராக். இந்த வகை வேலையில் இதெல்லாம் சாதாரணமாகப் பார்க்கிற அளவுகள்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். நட்ட சவுக்குக் கம்பங்களைப் படுக்கைவாட்டில் கழி வைத்து வரிசையாகக் கட்டிக்கொண்டே போவார்கள், அப்புறம் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு நீளக் கம்பத்தைப் போட்டு இறுக்குவார்கள். படுக்கைக் கழி ஒவ்வொரு கம்பமும் வளையாமல் பார்க்கிறது, சாய்வுக் கம்பம் மொத்தச் சாரமும் ஒரு பக்கம் சாயாமல் பார்க்கிறது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை இரட்டிப்பாக்கினால் சாரம் நிற்காது. ஸ்டட் சுவரிலும் இதே இரண்டு வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தேர்வுகளும் தனி. சாய்வாகக் குறுக்கே போடும் எக்ஸ் ஸ்ட்ராப் போட்டாகிவிட்டது, இனி ஸ்டட்டுகளுக்கு நடுவே படுக்கைத் துண்டான நாக்கிங் எதற்கு என்று கேட்கிற சூப்பர்வைசரிடம் தைரியமாக வாதாடுங்கள்.

முதல் வேலையை எடுத்துக்கொள்வோம்: தனி ஸ்டட் வளையாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருப்பது. நான் மேலே சொன்ன ஸ்டட்டுக்கு ரேடியஸ் ஆஃப் கைரேஷன் (வளைவை எதிர்ப்பதைக் காட்டும் அளவு) சுவரின் தடிமன் திசையில் ஏறத்தாழ 36 மி.மீ., சுவரின் நீளத் திசையில் 16 மி.மீ. தான். 9 அடி என்பது கிட்டத்தட்ட 2,700 மி.மீ. வகுத்துப் பார்த்தால் வலுவான திசையில் 75, பலவீனமான திசையில் 170 வருகிறது, எண் கூடக் கூட மடங்குவது எளிது. அதாவது அந்த ஸ்டட் பாரம் தாங்காமல் மடங்கினால் அடுத்த ஸ்டட்டைப் பார்த்துதான் மடங்கும். நடு உயரத்தில் ஒரு வரிசை பிணைப்பு கொடுத்தால் நீளம் பாதியாகி 170 என்பது 85 ஆகிவிடும். பக்கிளிங் (பாரத்தில் மடங்குவது) தாங்கும் திறன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் போவதால், மெல்லிய நீள ஸ்டட்டில் அந்தத் திசையின் திறன் ஏறக்குறைய நான்கு மடங்கு கூடும். இரண்டு வரிசை கொடுத்தால் 56, அதாவது பலவீனமான திசையே இப்போது வலுவான திசையைவிடத் தேறிவிட்டது. அதற்கு மேல் வரிசைகளைக் கூட்டினாலும் நேர் பாரத்துக்குப் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் தடிமன் திசையின் 75 அப்படியே இருக்கிறது. தகட்டைத் தடிமனாக்கச் செலவழிக்கிற பணத்தைவிட இந்த ஒன்றிரண்டு வரிசைகளுக்குச் செலவழிக்கிற பணம் எவ்வளவு அதிகம் திருப்பித் தருகிறது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

முறுக்கல் தனிக் கதை. சி வடிவத்தில் பாரமும் காற்றும் நடு மையத்தில் விழுவதில்லை, அதனால் ஸ்டட் வளைவதோடு திருகவும் பார்க்கும். எனவே பிணைப்பு என்று எதை வைத்தாலும் அது ஸ்டட்டின் இரண்டு ஃபிளாஞ்சையும் பிடிக்கிறதா, அல்லது வெப்பையாவது அசையாமல் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஃபிளாஞ்சை மட்டும் பிடித்துவிட்டு விட்டால் மற்றது சுதந்திரமாகத் திரும்பும்.

இன்னொன்றும் பலர் கண்ணில் படுவதில்லை. ஒரு ஸ்டட்டைப் பிடித்து நிறுத்தப் பெரிய விசை தேவையில்லை, அது சுமக்கிற பாரத்தில் 2 சதவீதம் என்று வைப்பது பழைய நம்பகமான வழக்கம். ஒரு ஸ்டட் 10 கிலோ நியூட்டன், அதாவது ஒரு டன் சுமக்கிறது என்றால் 0.2 கிலோ நியூட்டன். இருபது கிலோ கையில் இழுப்பது போலத்தான். ஆனால் எல்லா ஸ்டட்டும் ஒரே பக்கம் சாயப் பார்க்கும்போது அந்த விசை வரிசையில் கூடிக்கொண்டே போய், பத்து ஸ்டட் தாண்டியதும் 2 கிலோ நியூட்டன் ஆகிவிடுகிறது. அதை வாங்கிக்கொள்ள வரிசையின் முனையில் அசையாத ஒன்று வேண்டும். முனையில் எதிலும் கட்டாத பிணைப்பு வரிசை எல்லா ஸ்டட்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றாக மடங்க விடுகிறது, அவ்வளவுதான்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். மலிவானது, எதுவுமே போடாமல் போர்டை நம்புவது. "அண்ணே, ரெண்டு பக்கமும் போர்டு அடிச்சா எல்லாம் டைட் ஆயிடும்" என்று வேலையாட்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போர்டு, ஒழுங்கான இடைவெளியில் ஸ்க்ரூ என்று இருந்தால் போர்டு ஸ்டட்டை நன்றாகவே பிடிக்கும், விதிகளும் அதற்கு இடம் கொடுக்கின்றன. மீதிப் பாதியில்தான் ஆபத்து. போர்டு வருவதற்கு முன்பே கூரை ஏறிவிடுகிறது, அதன்மேல் நாலு ஆள் நடக்கிறார்கள், ஷீட் கட்டு இறக்கி வைக்கிறார்கள், அப்போது ஸ்டட்டைப் பிடிக்க யாரும் இல்லை. அமெரிக்க இரும்பு எஃகு நிறுவனமான ஏ.ஐ.எஸ்.ஐ.-யின் விதிகள் போர்டை நம்பி டிசைன் செய்தாலும் போர்டு இல்லாத நிலையையும் தனியாகச் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஏற்காட்டுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. ஜிப்சம் போர்டு ஈரம் பட்டால் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள பிடிப்பை இழக்கும். பனியும் சாரலும் ஜன்னல் வழியே உள்ளே வந்து போகிற ஊரில், வாரக் கணக்கில் பூட்டியே கிடக்கிற வீட்டில், சுவரின் உயிரை ஜிப்சத்திடம் ஒப்படைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சிமெண்ட் ஃபைபர் போர்டு ஈரத்தைத் தாங்கும், ஆனால் அதையும் ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் பைப் ரிப்பேருக்காகப் பாதி உயரத்துக்குக் கழற்றுவார். அன்று அந்த ஸ்டட் போர்டு இல்லாமல் நிற்க வேண்டும். சேலத்தில் ஆபீசுக்குள் பாரமே தாங்காத தடுப்புச் சுவர் என்றால் போர்டு மட்டும் போதும். கூரை தாங்குகிற சுவரில் வேண்டாம்.

அடுத்தது, ஸ்டட்டின் வெப்பில் ஏற்கெனவே குத்தியிருக்கும் ஓட்டைகள் வழியாக ஒரு நீளமான சின்ன சேனலை நுழைத்துக்கொண்டு போவது. 38 மி.மீ. சேனல் வழக்கம். சுவரின் இரண்டு முகமும் சுத்தமாக இருக்கும், போர்டு எந்தப் புடைப்பும் இல்லாமல் உட்காரும், வேலை வேகமாக நகரும். எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் இது வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு ஆங்கிள் கிளிப் வைத்து, கிளிப்பை வெப்போடும் சேனலோடும் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். கிளிப் இல்லாமல் ஓட்டைக்குள் சும்மா படுத்திருக்கிற சேனல் எதையும் பிடிப்பதில்லை. ஓட்டை பெரியது, சேனல் சின்னது, நடுவில் ஸ்டட் தாராளமாக நகரும், திருகும். நம் பக்கத்துத் தளங்களில் நான் பார்க்கிற சேனல் வரிசைகளில் பெரும்பாலும் இப்படிக் கிளிப் இல்லாமல் கிடப்பதுதான், தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பது அதன் மோசமான பகுதி.

ஓட்டைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வர வேண்டும் என்பதும் உண்டு. எல்லா ஸ்டட்டையும் ஒரே முனையில் இருந்து அளந்து வெட்டி, ஒரே முனை கீழே வரும்படி நிறுத்தினால்தான் வரும். நாலு ஸ்டட் தலைகீழாகிவிட்டால் சேனல் நுழையாது, உடனே ஒருவர் கிரைண்டரை எடுத்துப் புது ஓட்டை போடுவார், ஸ்டட் அங்கேயே பலவீனமாகிவிடும். அந்த ஓட்டைகள்மேல் எலக்ட்ரீஷியனும் கண் வைத்திருப்பார். பைப் போக இடமில்லை என்றால் சேனலைத்தான் வெட்டுவார், நடுவில் ஓரிடத்தில் வெட்டிய சேனல் மொத்த வரிசையையும் இரண்டாக்கிவிடும்.

மூன்றாவது வழி தட்டை ஸ்ட்ராப். சுவரின் இரண்டு முகத்திலும் நடு உயரத்தில் ஒரு ஜி.ஐ. பட்டையை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்டட் ஃபிளாஞ்சிலும் ஸ்க்ரூ போடுவது. இரண்டு ஃபிளாஞ்சும் பிடிபடுவதால் முறுக்கலுக்கு இது நல்ல மருந்து. பொருள் சேலத்திலேயே எந்தத் தகட்டுக் கடையிலும் பட்டையாக வெட்டிக் கொடுப்பார்கள், விசேஷக் கிளிப் எதற்காகவும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்ப வேண்டியதில்லை. மேற்பார்வை பார்க்கிறவருக்கும் வசதி, பத்து அடி தள்ளி நின்று ஸ்க்ரூ விழுந்திருக்கிறதா என்று எண்ணிவிடலாம்.

ஆனால் பட்டை இழுவையை மட்டும்தான் தாங்கும், தள்ளினால் நெளிந்துவிடும். எல்லா ஸ்டட்டும் ஒரே பக்கம் சாயும்போது ஒரு முனையில் இழுத்துப் பிடிக்க ஏதாவது இருந்தால்தான் பட்டைக்கு வேலை. அதற்காக வரிசையின் இரண்டு முனையிலும், கதவு ஜன்னல் ஓரங்களிலும், நடுவில் 10 அடிக்கு மிகாமலும், இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே ஒரு துண்டு டிராக்கையோ ஸ்டட்டையோ இறுக்கமாகப் பொருத்தி, பட்டையையும் அதில் ஸ்க்ரூ போட வேண்டும். பிளாக்கிங் என்று சொல்வது இதைத்தான். நான் பார்த்த ஒரு தளத்தில் ஒப்பந்தக்காரர் பட்டை மட்டும் போட்டு முடித்துவிட்டார், பிளாக்கிங் எங்கே என்றதற்கு அது போர்டு வேலைக்காரர் செய்வார் என்றார், போர்டு வேலைக்காரர் அது ஃபிரேம்காரர் வேலை என்றார். கொட்டேஷனில் எத்தனை பிளாக் என்று எண்ணிக்கை எழுதி வாங்குங்கள், யார் செய்வது என்ற கேள்வியே எழாது.

புடைப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டையின் தடிமனும் அதன்மேல் ஸ்க்ரூ தலையும் சேர்ந்து போர்டை அங்கே கொஞ்சம் தள்ளும், வெயில் சாய்வாக விழும்போது சுவரில் படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரியும். தட்டைத் தலையுள்ள வேஃபர் ஹெட் ஸ்க்ரூ போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். அப்புறம் பூச்சு. ஸ்டட் இசட் 275 பூச்சில் வரும், அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான். கடையில் வெட்டி வாங்கும் பட்டை பல சமயம் இசட் 120 ஆக இருக்கும், துத்தநாகம் பாதிக்கும் குறைவு. சேலம் வெயிலில் அது பெரிய வித்தியாசம் காட்டாமல் போகலாம், ஏற்காட்டுப் பனியில் காட்டும். பட்டைக்கும் இசட் 275 என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெட்டுவதற்கும் கிரைண்டர் வேண்டாம், தகடு வெட்டும் கத்தரி போதும். கிரைண்டர் சூடு வெட்டு ஓரத்தில் துத்தநாகத்தை எரித்துவிடும், பறக்கிற பொறி பக்கத்து ஸ்டட்டில் ஒட்டிப் புள்ளிப் புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

நான்காவது நாக்கிங், ஸ்டட்டுகளுக்கு நடுவே அதே சி வடிவத்தில் படுக்கைத் துண்டு வைப்பது. இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஒன்று, தளத்திலேயே டிராக்கைத் துண்டு துண்டாக வெட்டி இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே செருகுவது. இழுவை, தள்ளல் இரண்டையும் தாங்கும், முறுக்கலையும் பிடிக்கும், பிடிப்பில் இதற்குக் குறை சொல்ல முடியாது. குறை அளவில் வரும். ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு மில்லி மீட்டர் நீளமாக வெட்டப்பட்டால் பதினாறாவது ஸ்டட் 15 மி.மீ. தள்ளிப் போயிருக்கும், கீழே டிராக்கில் சரியாக இருக்கும், நடுவில் வயிறு தள்ளியிருக்கும். போர்டு வந்து ஜாயின்ட் ஸ்டட் மேல் விழாதபோதுதான் தெரியும். துண்டின் இரு முனைக்கும் ஸ்க்ரூ, காது மடக்கல் என்று வேலை நேரமும் கூடும்.

இன்னொன்று, ரோல் ஃபார்மிங் மிஷினில் கம்ப்யூட்டர் டிராயிங்கை வைத்து உருட்டி வரும் நீள நாக்கிங். ஒரே துண்டாகப் பல ஸ்டட்டுகளைக் கடந்து போகும், ஒவ்வொரு ஸ்டட் வரும் இடத்திலும் மிஷினே ஃபிளாஞ்ச் ஓரத்துச் சின்ன மடிப்பான லிப்பை வெட்டி, ஓட்டை போட்டு அனுப்பிவிடும். ஸ்டட்டை அந்த வெட்டில் உட்கார வைத்து ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. இடைவெளி தானாகச் சரியாகிவிடும், அளவுப் பிழை கூடிக்கொண்டே போக வழியில்லை. உங்கள் ஃபிரேம் இப்படி மிஷினில் வருகிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதுதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

நாக்கிங்குக்கு இன்னொரு பலனும் இருக்கிறது, வீட்டில் குடியேறியதும் தெரியும். வாஷ் பேசின், கீசர், டி.வி., சமையலறை அலமாரி எல்லாம் மாட்ட ஒரு இரும்பு கிடைக்கும். போர்டில் மட்டும் கீசரை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் ஸ்டட்டைப் பிடிக்கிற வரிசையையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பேசினின் உயரத்துக்கு அதை இறக்கிவிடாதீர்கள். பிணைப்பு வரிசை அது இருக்க வேண்டிய உயரத்தில் இருக்கட்டும், மாட்டுவதற்குத் தனித் துண்டுகள் போடுங்கள். எந்த உயரம் என்றால், ஏ.ஐ.எஸ்.ஐ. முறைப்படி 8 அடிச் சுவருக்கு நடுவில் ஒன்று, 9 அடிக்கும் 10 அடிக்கும் மூன்றில் ஒரு பங்கு உயரங்களில் இரண்டு. நம் 9 அடிச் சுவருக்கு இரண்டு வரிசை என்பது நான் முதலில் போட்ட கணக்கோடும் ஒத்துப்போகிறது. பிளம்பர் வந்து பைப்புக்காக நாக்கிங்கை அறுப்பது இந்த வகையின் பொதுவான நோய், பைப் வருகிற சுவர்களுக்கு முன்கூட்டியே டிராயிங்கில் ஓட்டை காட்டிவிட்டால் போதும்.

ஆக முதல் வேலைக்கு என் தேர்வு இடத்தைப் பொறுத்து மாறும். மிஷின் ஃபிரேம் என்றால் நீள நாக்கிங். ஏற்காட்டில் ஸ்டாக் ஸ்டட் வாங்கித் தளத்திலேயே வெட்டிக் கட்டுகிறார்கள் என்றால் இரண்டு முகத்திலும் ஸ்ட்ராப்பும் எண்ணி வைத்த பிளாக்கிங்கும், ஏனென்றால் அங்கே மேஸ்திரிக்குக் கிடைக்கிற கருவியில் தவறு குறைவாக நடப்பது அதில்தான், நடந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சேனல் வரிசையை, கிளிப்பை நூறு சதவீதம் போட வைக்கிற ஆள் தளத்தில் தினமும் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்குள், நீங்களே தினம் போய்ப் பார்க்கிற மொட்டை மாடி வேலைக்கு அது ஒத்துவரும். வாரக் கடைசியில் மட்டும் மலை ஏறிப் பார்க்கிறவருக்கு ஒத்துவராது.

இனி இரண்டாவது வேலை, மொத்தச் சுவரும் சாயாமல் இருப்பது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் சேலம் மூன்றாம் நிலநடுக்க மண்டலம். ஆனால் நிலநடுக்க விசை கட்டடத்தின் எடையைப் பொறுத்தது, இந்த வீடுகள் எடை குறைந்தவை, அதனால் பெரும்பாலும் காற்றுதான் தீர்மானிக்கும். எடை குறைவு என்பதே காற்றுக்குப் பாதகம் வேறு, வீட்டைத் தரையில் அழுத்திப் பிடிக்கக் கனம் இல்லை. மலைச் சரிவிலும் முகட்டிலும் காற்று வேகம் கூடும் என்பதற்காக காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி நிலவடிவக் காரணி என்று ஒன்றைக் கொடுக்கிறது, அது 1.36 வரை போகலாம். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் 1.36 என்பது அழுத்தத்தில் 1.85 மடங்கு. சமவெளியில் கட்டிய வீட்டின் டிராயிங்கை அப்படியே பகோடா பாயிண்ட் பக்கம் ஒரு விளிம்பில் கொண்டுபோய் வைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

இதற்கு எக்ஸ் ஸ்ட்ராப், கே பிரேசிங், போர்டு என்று மூன்று வழி. எக்ஸ் ஸ்ட்ராப்பின் பலமும் தொல்லையும் ஒரே கணக்கில் தெரியும். சுவர்த் துண்டு ஒன்றின் தலையில் 6 கிலோ நியூட்டன் காற்று விசை வருகிறது, உயரம் 3 மீட்டர் என்று முழு எண்ணாக வைப்போம். துண்டின் அகலம் 1.2 மீட்டர் என்றால் ஸ்ட்ராப்பில் இழுவை 16 கிலோ நியூட்டனுக்கு மேல், அதன் ஓர ஸ்டட்டைத் தரையிலிருந்து பிடுங்கும் விசை 15 கிலோ நியூட்டன், ஒன்றரை டன். அகலத்தை 2.4 மீட்டராக்கினால் ஸ்ட்ராப் இழுவை 9.6, பிடுங்கல் 7.5. அகலம் இரட்டித்ததும் பிடுங்கல் சரிபாதி. ஸ்ட்ராப்பின் சாய்வு 30 முதல் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான், 1.2 மீட்டர் துண்டில் அது 68 டிகிரிக்குப் போய்விடுகிறது.

அந்தப் பிடுங்கலை யார் வாங்குவது? ஓர ஸ்டட்டை இரட்டையாகப் போட்டு, ஹோல்டு டவுன் பிராக்கெட் வைத்து, கான்கிரீட்டுக்குள் போகிற ஆங்கர் போல்ட்டில் கட்ட வேண்டும். கீழ் டிராக்கை மட்டும் தரையில் போல்ட் போட்டுவிட்டு அதோடு நிறுத்தினால் ஒன்றரை டன் வரும்போது டிராக்கின் மெல்லிய தகடு போல்ட்டைச் சுற்றி மடங்கி எழும்பும். பட்டை அறுந்து விழுந்த சுவரைவிட இப்படி அடி கிளம்புவதற்குத்தான் நான் பயப்படுவேன். மொட்டை மாடிக்கு மேல் கட்டுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், பழைய ஸ்லாப்பின் மேல் போட்டிருக்கும் சுர்க்கியிலோ ஓட்டிலோ நிற்கிற ஆங்கர் ஆங்கரே இல்லை. கான்கிரீட் வரை, முடிந்தால் பீமுக்கு நேராக இறங்க வேண்டும்.

ஸ்ட்ராப் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். தொளதொளவென்று இருக்கும் பட்டை, சுவர் கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் இழுக்க ஆரம்பிக்கும், அதற்குள் போர்டு ஜாயின்டில் விரிசல் வந்துவிடும். அடிவாரத்தில் பேனலாகவே கோத்து லாரியில் ஏற்றி வருகிறார்கள் என்றால் வளைவுகளில் குலுங்கி அந்தப் பட்டை நிச்சயம் தளர்ந்திருக்கும். பேனலை நிறுத்தி, தூக்குக் குண்டு பார்த்து, போல்ட் இறுக்கிய பிறகு பட்டையின் ஒரு முனையைக் கடைசியாக இழுத்து ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். முனையில் எத்தனை 4.8 மி.மீ. ஸ்க்ரூ என்பது டிராயிங்கில் எண்ணாக இருக்க வேண்டும், "தேவையான அளவு" என்று இருக்கக் கூடாது.

கே பிரேசிங் என்பது ஸ்டட்டுகளுக்கு நடுவே அதே சி துண்டைச் சாய்வாக வைப்பது. முகத்தில் புடைப்பில்லை, மிஷினில் வெட்டி வந்துவிடும், இழுவை தள்ளல் இரண்டும் தாங்கும். ஆனால் விசை ஸ்டட்டின் நடுவில் போய் இடிக்கிறது, அங்கே ஸ்டட் வளையப் பார்க்கும், நாலு ஸ்க்ரூவின் பலம்தான் மொத்தப் பலம். உள் சுவர்களிலும் காற்று குறைந்த பக்கத்திலும் தாராளமாகப் போடலாம். பள்ளத்தாக்கைப் பார்த்த சுவருக்கு நான் போட மாட்டேன்.

போர்டு சாய்வைத் தடுக்கும் என்பதும் உண்மைதான், நல்ல பிளைவுட்டும் சிமெண்ட் போர்டும் ஓரங்களில் நெருக்கமாக ஸ்க்ரூ போட்டால் விறைப்பான சுவர் கிடைக்கும். பிளைவுட் என்றால் வெளிப்புறத் தரம், ஓரங்கள் அடைத்தது. ஏற்காட்டில் நான் இதை ஸ்ட்ராப்புக்கு மேல் கூடுதல் பலமாக எடுத்துக்கொள்வேன், பதிலாக அல்ல.

மரத்தில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள், தோட்டத்திலேயே சில்வர் ஓக் நிற்கும்போது ஆசை வருவது இயல்பு. செய்யலாம், விதி அதேதான், படுக்கைக் கட்டையும் வேண்டும் சாய்வுக் கட்டையும் வேண்டும். ஆனால் வெட்டிய ஈரத்தோடு அறுத்துக் கட்டினால் காயக் காயக் கட்டை சுருங்கி ஆணி தளரும், இறுக்கமாக வைத்த படுக்கைக் கட்டைகள் இரண்டு முனையிலும் இடைவெளி காட்டும். அறுத்து, அடுக்கி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு என்றால் மட்டும் போகலாம், கரையான் மருந்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு. அவசரத்தில் இருப்பவருக்கு மரம் தோதுப்படாது.

கடைசியாக, ஏற்காட்டு வீடுகளுக்கே உரிய ஒரு பிரச்சினை. எல்லோருக்கும் பள்ளத்தாக்குப் பக்கம் முழுக் கண்ணாடி வேண்டும். நியாயமான ஆசைதான், அதற்காகத்தானே மலைக்கு வந்தோம். ஆனால் அதிகக் காற்று வருகிற பக்கமும் பெரும்பாலும் அதுதான், அங்கே எக்ஸ் போட ஒரு அடி சுவர்கூட மிச்சமில்லை. மூன்று பக்கம் விறைப்பாகவும் ஒரு பக்கம் திறந்தும் இருக்கிற பெட்டி காற்றில் திருகும். இரண்டு வழி இருக்கிறது. கண்ணாடியைக் கொஞ்சம் சுருக்கி இரண்டு மூலையிலும் ஒவ்வொரு சுவர்த் துண்டு விட்டு, அகலம் போதாத அந்தத் துண்டுகளுக்குப் பெரிய ஹோல்டு டவுனும் தடித்த ஸ்டட்டும் கொடுப்பது ஒன்று. கண்ணாடி முழுசாகத்தான் வேண்டும் என்றால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதாரண ஹாட் ரோல்டு பீமும் தூணும் வைத்து மூலைகளை விறைப்பாக வெல்டு செய்த போர்ட்டல் ஃபிரேம் நிறுத்தி, லைட் கேஜ் சுவர்களை அதில் கட்டுவது இன்னொன்று. செலவு கூடும், ஆனால் பார்வை முழுசாகக் கிடைக்கும். எனக்குக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன், மலைக்கு வந்து கண்ணாடியைச் சுருக்கியவர்கள் பிறகு வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். எதுவானாலும் ஃபவுண்டேஷன் போடுவதற்கு முன்பே முடிவாக வேண்டும், போர்ட்டல் தூணுக்கு அடியில் வேண்டிய கான்கிரீட்டும் போல்ட்டும் வேறு, ஸ்டட் சுவருக்கு வேண்டியது வேறு.